ஹார்டு: எதிர்ச்சொல்லை வைத்துப் பிடிக்க வேண்டிய ஆங்கிலச் சொல்

'ஹார்டு என்றால் கடினம்' என்று ஒரே வரியில் கற்றுக்கொண்டுதான் பெரும்பாலோர் பள்ளியை விட்டு வெளியே வருகிறோம். அந்த ஒரு வரி பாதி தூரம்தான் கூட வரும். 'ஹார்டு வாட்டர்' என்றால் கடின நீர், சரி. 'ஹார்டு கேஷ்' என்றால்? 'நோ ஹார்டு ஃபீலிங்ஸ்' என்று ஒருவர் கைகுலுக்கினால்? 'ஷி இஸ் ஹார்டு ஆஃப் ஹியரிங்' என்று சொன்னால்? கடினம் என்ற ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு இந்தப் பூட்டுகளைத் திறக்க முடியாது.

அகராதியைப் பிரித்தால் இந்தச் சொல்லுக்கு வரிசையாகப் பொருள்கள் கிடக்கும். அவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை. அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு: ஹார்டு எந்தப் பெயர்ச்சொல்லோடு ஒட்டி வருகிறதோ, அந்த இடத்தில் அதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேளுங்கள். பொருள் தானாக வெளியே வரும்.

'ஹார்டு பெட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'சாஃப்ட் பெட்'. அப்படியானால் இங்கே ஹார்டு என்பது தொட்டால் அமுங்காத தன்மை. 'ஹார்டு கொஸ்டின்' என்பதற்கு எதிர் 'ஈஸி கொஸ்டின்'. இங்கே அது கஷ்டம். 'ஹார்டு வின்டர்' என்பதற்கு எதிர் 'மைல்டு வின்டர்'. இங்கே வாட்டி எடுக்கும் குளிர்காலம். 'ஹார்டு கிக்' என்பதற்கு எதிர் மெதுவாக விட்ட உதை. அப்போது பலம், வேகம் என்பதே பொருள். 'ஹார்டு எவிடன்ஸ்' என்பதற்கு எதிர் வெறும் யூகம், வாய்ப்பேச்சு. ஆகவே மறுக்க முடியாத சான்று. 'டோன்ட் பி ஹார்டு ஆன் ஹிம்' என்பதற்கு எதிர், அவனிடம் கொஞ்சம் தயவாக இரு என்பது; ஆகவே கண்டிப்பு, கடுமை. இப்படி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கப் பழகிவிட்டால் புதிதாக ஒரு தொடர் வந்தாலும் தடுமாற வேண்டியதில்லை.

தொட்டுப் பார்க்கிற ஹார்டு

இதுதான் மூல அர்த்தம். பழைய ஆங்கிலத்தில் இது 'ஹெயார்டு'. ஜெர்மனில் இன்றும் 'ஹார்ட்', டச்சில் 'ஹார்டு'. உறுதி, வீரம் என்ற பொருளும் அதில் கலந்திருந்தது. ரிச்சர்ட், பெர்னார்ட், ஜெரார்ட் ஆகிய பெயர்களின் கடைசியில் உட்கார்ந்திருப்பது இந்தச் சொல்தான். பெர்னார்ட் என்றால் கரடிபோல் உறுதியானவன்.

தமிழர்களுக்கு இங்கே வரும் சிக்கல் 'கெட்டி' என்ற நம் சொல்லால் வருவது. கெட்டியான பலகை, கெட்டியான பசை, கெட்டியான மெத்தை, கெட்டியான கயிறு என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துப் பேசும். பசை 'திக்' ஆக இருக்கலாம், ஹார்டு ஆக இருக்க முடியாது. காய்ந்து இறுகிய பிறகுதான் அது ஹார்டு. கயிறு 'ஸ்ட்ராங்'. வளைய மறுக்கும் அட்டை 'ஸ்டிஃப்'. உள்ளே பொள்ளல் இல்லாத மரக்கட்டை 'சாலிட்'. மெத்தையைப் பற்றிச் சொல்லும்போது 'ஃபர்ம்' என்றால் பாராட்டு, முதுகைத் தாங்கும் மெத்தை. 'ஹார்டு' என்றால் குறை, படுத்தால் உடம்பு வலிக்கும் மெத்தை. இரண்டையும் மாற்றிச் சொன்னால் கேட்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

'டஃப்' என்பதையும் தனியே வைக்க வேண்டும். பொருளறிவியலில் ஹார்டு என்பது கீறலையும் அமுக்கத்தையும் தாங்கும் குணம். ஜெர்மன் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் டால்க் என்ற மிருதுவான கனிமம் 1, வைரம் 10. எது எதைக் கீறும் என்பதுதான் அங்கே கணக்கு. ஆனால் அந்த வைரத்தையே சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிளந்துவிடலாம். அடியைத் தாங்கி உடையாமல் நிற்கும் குணம்தான் டஃப்னஸ். கண்ணாடி ஹார்டு, ஆனால் டஃப் அல்ல. ரப்பர் டஃப், ஆனால் ஹார்டு அல்ல. இதை மனதில் வைத்தால் ஆட்களைப் பற்றிப் பேசும்போதும் குழப்பம் வராது: 'டஃப்' ஆன ஆள் எதையும் தாங்குவார்; 'ஹார்டு' ஆன ஆளுக்கு இரக்கம் குறைவு.

ஹார்டு வாட்டர் மட்டும் கொஞ்சம் விநோதமானது. தண்ணீரைத் தொட்டுப் பார்த்துக் கெட்டி என்று சொல்ல முடியாது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம் கரைந்த நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. அந்த முரண்டுதான் இங்கே ஹார்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் வகைப்பாட்டில் ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 60 மில்லிகிராம் வரை சாஃப்ட், 61 முதல் 120 வரை மிதமான ஹார்டு, 121 முதல் 180 வரை ஹார்டு, அதற்கு மேல் வெரி ஹார்டு. நாம் பேச்சில் இதை 'உப்புத் தண்ணீர்' என்று சொல்லிவிடுகிறோம். அப்படியே 'சால்ட் வாட்டர்' என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. அது கடல்நீரைக் குறிக்கும்.

கஷ்டம் என்ற ஹார்டு: வாக்கிய அமைப்புதான் இங்கே முக்கியம்

பொருள் புரிவது எளிது. வாக்கியம் அமைப்பதில்தான் அதிகம் வழுக்குகிறது. 'எனக்கு இங்கிலீஷ் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது' என்பதை நினைத்துக்கொண்டு 'ஐ ஆம் ஹார்டு டு லேர்ன் இங்கிலிஷ்' என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. ஆங்கிலத்தில் ஹார்டு என்பது அனுபவிக்கும் ஆளோடு ஒட்டாது, செய்யும் காரியத்தோடு ஒட்டும். ஆளை உள்ளே கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன:

'இட் இஸ் ஹார்டு ஃபார் மீ டு லேர்ன் இங்கிலிஷ்.'
'ஐ ஃபைண்ட் இட் ஹார்டு டு லேர்ன் இங்கிலிஷ்.'
'இங்கிலிஷ் இஸ் ஹார்டு ஃபார் மீ டு லேர்ன்.'

முதலாவது எங்கும் பொருந்தும். இரண்டாவது பேச்சில் மிக இயல்பு. அதில் 'இட்' விடுபட்டால் வாக்கியம் உடைந்துவிடும், 'ஐ ஃபைண்ட் ஹார்டு டு' என்று ஒரு அமைப்பு கிடையாது. மூன்றாவதில் வேறொரு கண்ணி இருக்கிறது. அங்கே இங்கிலிஷ் என்ற செயப்படுபொருள் முன்னால் போய் எழுவாயின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. எனவே பின்னால் மீண்டும் 'இட்' போடக் கூடாது. 'திஸ் புக் இஸ் ஹார்டு டு ரீட் இட்' தவறு. 'திஸ் புக் இஸ் ஹார்டு டு ரீட்' என்பதோடு நிறுத்த வேண்டும்.

இந்த மூன்றாவது அமைப்பில் ஒரு மனிதரை எழுவாயாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். 'ஹி இஸ் ஹார்டு டு ப்ளீஸ்' என்றால் அவருக்குக் கஷ்டம் என்று பொருள் அல்ல. அவரைத் திருப்திப்படுத்துவது மற்றவர்களுக்குக் கஷ்டம். அதே கணக்கில் 'ஐ ஆம் ஹார்டு டு அண்டர்ஸ்டேண்ட்' என்றால் 'எனக்குப் புரியவில்லை' அல்ல, 'என்னைப் புரிந்துகொள்வது கஷ்டம்'. நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லிவிட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

'ஹார்டு டைம்' என்ற தொடருக்குப் பின்னால் 'டு' வராது, 'இங்' வடிவம் வரும்: 'வி ஹேட் எ ஹார்டு டைம் ஃபைண்டிங் த ஹவுஸ்', வீட்டைக் கண்டுபிடிக்கப் படாத பாடு பட்டோம். 'கிவ் ஸம்ஒன் எ ஹார்டு டைம்' என்றால் ஒருவருக்குக் குடைச்சல் கொடுப்பது.

'வெரி ஹார்டு' என்றும் 'டூ ஹார்டு' என்றும் வருவதில் உள்ள வேறுபாட்டை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். 'த டெஸ்ட் வாஸ் வெரி ஹார்டு' என்றால் தேர்வு மிகவும் கஷ்டம், ஆனால் எழுதியிருக்கலாம். 'த டெஸ்ட் வாஸ் டூ ஹார்டு' என்றால் நம் சக்திக்கு மீறியது. 'டூ ஹார்டு டு ஓப்பன்' என்பதில் 'நாட்' எங்கும் இல்லாவிட்டாலும் 'திறக்கவே முடியாத அளவுக்கு' என்ற எதிர்மறை உள்ளேயே இருக்கிறது. 'இனஃப்' எப்போதும் பின்னால்தான்: 'ஹார்டு இனஃப்'.

டிஃபிகல்ட் என்பதும் இதுவும் ஒன்றா? பாடம், கேள்வி, முடிவு இவற்றுக்கெல்லாம் இரண்டும் சரி. பேச்சில் ஹார்டு, சற்று முறையான எழுத்தில் டிஃபிகல்ட். மனிதர்களிடம் வரும்போது மட்டும் பிரிந்துவிடும். 'டிஃபிகல்ட் பெர்சன்' என்றால் ஒத்துப்போக மாட்டாதவர், சமாளிப்பது சிரமம். 'ஹார்டு பெர்சன்' என்றால் நெஞ்சில் ஈரம் இல்லாதவர். பெயர்ச்சொல்லும் வேறு வேறு. கேள்வியின் கஷ்டத்தை 'ஹார்டுனஸ்' என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு 'டிஃபிகல்ட்டி'. ஹார்டுனஸ் என்பது நீருக்கும் உலோகத்துக்கும் கல்லுக்கும். வாழ்க்கையில் படும் துன்பம் 'ஹார்டுஷிப்'.

ஹார்டு, ஹார்ட்லி: இதில் தவறினால் புகழ்ச்சி வசையாகிவிடும்

குவிக் என்பதற்கு குவிக்லி, ஸ்லோ என்பதற்கு ஸ்லோலி. அந்தக் கணக்கில் ஹார்டு என்பதற்கு ஹார்ட்லி என்று நினைப்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் வினையுரிச்சொல்லாக வரும்போதும் ஹார்டு என்பது ஹார்டு ஆகவே நிற்கும்.

'ஷி வொர்க்ஸ் ஹார்டு': அவள் பாடுபட்டு உழைக்கிறாள்.
'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்': அவள் வேலையே செய்வதில்லை என்று சொல்லலாம்.

பரிந்துரைக் கடிதத்தில் இந்த இரண்டும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 'ஐ வொர்க்டு ஹார்ட்லி' என்பதையும் எங்குமே பயன்படுத்த வேண்டாம்.

ஏன் இப்படி? ஹார்ட்லி என்ற சொல்லுக்குத் தொடக்கத்தில் 'பலமாக, தீவிரமாக' என்றே பொருள் இருந்தது. பிறகு அது 'சிரமப்பட்டு' என்று நகர்ந்தது. சிரமப்பட்டுத்தான் நடக்கிறது என்றால் அநேகமாக நடக்கவில்லை என்றுதானே ஆகிறது. அங்கிருந்து 'கிட்டத்தட்ட இல்லை' என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. பழைய வேலையை ஹார்டு தனியாகவே பார்த்துக்கொள்கிறது.

இடத்தை வைத்தும் அடையாளம் காணலாம். ஹார்டு வினைக்குப் பின்னால் வரும், செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால்: 'ஹி ஹிட் த பால் ஹார்டு'. ஹார்ட்லி பெரும்பாலும் முதன்மை வினைக்கு முன்னால், துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ', நீங்கள் பேசுவது சரியாகக் கேட்கவே இல்லை. 'ஹார்ட்லி எவர்' என்றால் எப்போதாவது ஒருமுறை. 'ஹார்ட்லி எனி மணி' என்றால் கையில் காசு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஹார்ட்லி தன்னிலேயே எதிர்மறை. அதோடு நாட், நெவர், நோ எதையும் சேர்க்கக் கூடாது. 'ஐ காண்ட் ஹார்ட்லி ஹியர்' தவறு. வாலாக வரும் கேள்வியும் அதற்கேற்ப நேர்மறையாகவே வரும்: 'ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹி?'

'ஹார்ட்லி ஹேட் ஐ சாட் டவுன் வென் த ஃபோன் ரேங்' என்று ஒரு அமைப்பு உண்டு. நம்முடைய 'உட்கார்ந்ததும் உட்காராததுமாக போன் அடித்தது' என்பதுதான் இது. ஹார்ட்லி வாக்கியத்தின் தலைக்கு வந்தால் 'ஹேட்' எழுவாய்க்கு முன்னால் தாவ வேண்டும். இணைப்புச் சொல் 'வென்'. 'தேன்' போடுவது தவறு, அது 'நோ ஸூனர்' என்பதன் ஜோடி.

'கடும்' வைக்கும் கண்ணி

தமிழ்ச் செய்திகளில் 'கடும்' எதற்கும் முன்னால் நிற்கும்: கடும் மழை, கடும் காய்ச்சல், கடும் வலி, கடும் போட்டி, கடும் நடவடிக்கை. இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஹார்டு ஆக்கினால் பெரும்பாலும் தப்பும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆங்கிலத்தில் வழக்கமான துணை ஒன்று இருக்கிறது. மழைக்கு 'ஹெவி'. காய்ச்சலுக்கு 'ஹை'. வலிக்கு 'சிவியர்', பேச்சில் வெறும் 'பேட்'. போட்டிக்கு 'டஃப்' அல்லது 'ஸ்டிஃப்'. நடவடிக்கைக்கு 'ஸ்ட்ரிக்ட்' அல்லது 'டஃப்'. போக்குவரத்து நெரிசலுக்கு 'ஹெவி'. வாசனைக்கும் காப்பிக்கும் 'ஸ்ட்ராங்'. கண்டிப்பான ஆசிரியர் 'ஸ்ட்ரிக்ட் டீச்சர்'.

மழை விஷயத்தில் ஒரு நுட்பம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஹெவி ரெயின்' என்பார்கள். வினையாகச் சொல்லும்போது 'இட் இஸ் ரெயினிங் ஹார்டு' மிகச் சரி. ஏனென்றால் அங்கே ஹார்டு வினையுரிச்சொல், பலமாக என்பது பொருள். அதே நியாயத்தில்தான் 'ட்ரை ஹார்டு', 'திங்க் ஹார்டு', 'புஷ் ஹார்டு' எல்லாம்.

உழைப்பு மட்டும் விதிவிலக்கு: கடின உழைப்பு ஹார்டு வொர்க்கேதான். ஆனால் 'எ ஹார்டு வொர்க்' என்று முன்னால் 'எ' போடாதீர்கள். உழைப்பை எண்ண முடியாது. உழைக்கும் ஆள் 'எ ஹார்டு வொர்க்கர்', இவருக்கு 'எ' வேண்டும். அவருடைய குணம் 'ஹார்டு-வொர்க்கிங்', நடுவில் சிறு கோடு போட்டு எழுதுவது பாதுகாப்பு.

நிலைத்துப்போன தொடர்கள்

இவற்றை வார்த்தை வார்த்தையாகப் பிரிக்காமல் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக, பலவற்றுக்குத் தமிழிலேயே அச்சு அசலான இணை இருக்கிறது. அதோடு கோத்து வைத்தால் மறக்காது.

'லேர்ன் த ஹார்டு வே' என்பது பட்டுத் தெரிந்துகொள்வது. 'ப்ளே ஹார்டு டு கெட்' என்பது பிகு பண்ணுவது. 'டிரைவ் எ ஹார்டு பார்கெய்ன்' என்பது கறாராகப் பேரம் பேசுவது. 'ஓல்டு ஹேபிட்ஸ் டை ஹார்டு' என்பது தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். 'நோ ஹார்டு ஃபீலிங்ஸ்' என்பது 'மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே'. போட்டியோ வாக்குவாதமோ முடிந்த பிறகு சொல்வது. 'ஹி டுக் இட் ஹார்டு' என்றால் அந்தச் செய்தி அவரை ஒடித்துப் போட்டுவிட்டது.

'ஹார்டு-ஹார்ட்டட்' கல்நெஞ்சக்காரர் என்பதோடு நேராகப் பொருந்தும். 'ஹார்டு-ஹெடட்' அப்படி அல்ல. மண்டைக்கனம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். உண்மையில் அது உணர்ச்சிவசப்படாமல் நடைமுறையைப் பார்த்து முடிவெடுப்பவரைக் குறிக்கும், பெரும்பாலும் பாராட்டாக.

'ஹார்டு ஆஃப் ஹியரிங்' என்றால் காது மந்தம். இந்த 'ஹார்டு ஆஃப்' அமைப்பு காதுக்கு மட்டும்தான் நிலைத்தது. பார்வைக்கு 'ஹார்டு ஆஃப் சீயிங்' என்று நீங்களாக உருவாக்க முடியாது. 'ஹார்டு அப்' என்றால் கையில் பணமில்லாத நிலை. 'ஹார்டு கேஷ்' என்பது ரொக்கம். 'ஹார்டு அண்ட் ஃபாஸ்ட் ரூல்' என்பதில் வேகம் எதுவும் இல்லை. அங்கே 'ஃபாஸ்ட்' என்றால் இறுகப் பிடித்தது. தரைதட்டி அசையாமல் நிற்கும் கப்பலைப் பற்றிய மாலுமிகளின் பேச்சு அது. மாற்ற முடியாத விதி என்பது பொருள். பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: 'தேர் இஸ் நோ ஹார்டு அண்ட் ஃபாஸ்ட் ரூல்'.

கணினியில் 'ஹார்டு டிஸ்க்' என்ற பெயர் வந்தது, உள்ளே சுழலும் தட்டு வளையாத அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆனது என்பதால். வளையும் தட்டு ஃபிளாப்பி. இன்றைய பல மடிக்கணினிகளில் சுழலும் தட்டே கிடையாது. பெயர் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஹார்டு காப்பி' அச்சிட்ட தாள். அதன் ஜோடியாக நாம் சொல்லும் 'சாஃப்ட் காப்பி' எல்லா நாட்டிலும் அவ்வளவு புழக்கத்தில் இல்லை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'எலெக்ட்ரானிக் காப்பி' அல்லது 'பிடிஎஃப்' என்றால் தெளிவு.

உச்சரிப்பு, எழுத்து

தமிழில் எழுதினாலும் பேசினாலும் இதயம் என்ற ஹார்ட்டும் இந்த ஹார்டும் ஒட்டிப்போகும். ஆங்கிலத்தில் இரண்டையும் பிரிப்பது கடைசி மெய்யோடு அதற்கு முன் உள்ள உயிரும்தான். ஹார்டு என்பதில் 'ஆ' நன்றாக நீளும், கடைசி ஒலி குரலோடு முடியும். இதயத்தில் 'ஆ' சட்டென்று வெட்டுப்படும், கடைசியில் காற்று மட்டும் வரும். முதலில் நீளத்தைப் பழகுங்கள். கடைசி மெய் தானாகச் சரியாகும். நாக்கை மடித்து நம் 'ட' போலச் சொல்லாமல், மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டில் தொட்டால் போதும். முடிவில் 'உ' சேர்க்க வேண்டாம், அது ஓரசைச் சொல். பிரிட்டிஷ் உச்சரிப்பில் பெரும்பாலும் 'ர்' கேட்காது, அமெரிக்கரிடம் கேட்கும். இரண்டில் எதுவும் தவறில்லை.

ஒப்பிடும்போது ஹார்டர், ஹார்டஸ்ட். 'மோர் ஹார்டு' கிடையாது. வினையாக்க 'ஹார்டன்', இறுகுவது அல்லது இறுக்குவது. 'ஹார்டி' என்பது வேறு பொருள்: பனியையும் வறட்சியையும் தாங்கி வளரும் செடி 'ஹார்டி பிளான்ட்'.

கை பழக ஐந்து வாக்கியங்கள்

ஒவ்வொன்றிலும் ஒரு பிழை இருக்கிறது. திருத்தத்தைப் பார்க்கும் முன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

1. 'ஐ ஆம் வெரி ஹார்டு டு கெட் அப் எர்லி.' திருத்தம்: 'ஐ ஃபைண்ட் இட் வெரி ஹார்டு டு கெட் அப் எர்லி.'
2. 'ஷி ஸ்டடீட் ஹார்ட்லி ஃபார் த எக்ஸாம்.' திருத்தம்: 'ஷி ஸ்டடீட் ஹார்டு ஃபார் த எக்ஸாம்.'
3. 'திஸ் டோர் இஸ் ஹார்டு டு ஓப்பன் இட்.' திருத்தம்: கடைசி 'இட்' வேண்டாம்.
4. 'ஹி ஹேஸ் எ ஹார்டு ஃபீவர்.' திருத்தம்: 'ஹி ஹேஸ் எ ஹை ஃபீவர்.'
5. 'தே ஹார்ட்லி நெவர் கம் ஹியர்.' திருத்தம்: 'தே ஹார்ட்லி எவர் கம் ஹியர்.'

ஐந்தாவதைத் திருத்தும்போது 'தே ஹார்ட்லி கம் ஹியர்' என்று எழுதியிருந்தால் இலக்கணம் சரிதான். ஆனால் எத்தனை முறை வருகிறார்கள் என்பதைப் பற்றிய பேச்சு என்பதால் 'எவர்' இருந்தால்தான் ஆங்கிலக் காதுக்கு இயல்பாக இருக்கும்.